உயிர்த் தோற்றமும் சைவாசிரியர் கடமையும்

சைவாசிரியப் பெருமக்களே,

காலையிலே நும் மாணாக்கர் திருநீறணிந்து கைகூப்பி நின்று தேவாரம் ஓதுகின்றனர். அன்றே ஒரு பாடவேளையில், இவ்வுலகத்தைப் படைத்துக் காத்து அழிப்பவர் சிவபெருமானே எனச் சைவநெறி ஆசிரியர் கற்பிக்கக் கேட்கின்றனர். மற்றொரு பாடவேளையில், பல கோடி ஆண்டுகளுக்கு முன்னர்ச் சடப்பொருள்களிலிருந்து நுண்ணுயிர்கள் உண்டாயின எனவும், அவற்றின் வழிவழியே பிறவெல்லாம் கூர்ப்படைந்தன எனவும் விஞ்ஞான ஆசிரியர் கற்பிக்கக் கேட்கின்றனர். சில பாடசாலைகளில் அவ்விருவரும் ஒருவரே. இவ்விரண்டனுள் எது மெய் என்று ஒரு பிள்ளை எழுந்து வினவுமாயின், யாது விடை கூறுவது? இதனை ஆராய்தற்பொருட்டே ஈண்டு எழுதப் புகுந்தோம்.

இவ்வினாவுக்கு வழங்கும் விடைகள் மூன்று. இஃது அதிகப்பிரசங்கம் என்று வாயடக்குதல் ஒன்று. பரீட்சையில் அதனை எழுது, கோயிலில் இதனை நம்பு என்றல் மற்றொன்று. அவர்கள் சொல்வனவெல்லாம் நம் முன்னோர் முன்னமே சொல்லிவைத்தவைதாம் என்று பெருமை பேசுதல் இன்னொன்று. முதலாவது பிள்ளையின் வாயை மூடுமேயன்றி மனத்திலெழுந்த ஐயத்தைத் தீர்க்காது. இரண்டாவது, ஒன்றைப் புறத்தே சொல்லி வேறொன்றை அகத்தே வைத்தல் தகும் என்று பழக்கும். பொய்ம்மைக்கு இதனினும் நல்ல பயிற்சி வேறில்லை. மூன்றாவது கேட்டற்கு இனிதாயினும் ஆராயுமிடத்து நில்லாது. ஆதலால் நான்காவதொரு விடையை நாம் தேடுதல் வேண்டும்.

நம் சித்தாந்த ஆசிரியர்கள் பிறர் மதத்தை மறுக்குமிடத்தும், முதலில் அம்மதத்தை அதனை உடையார் கூறுமாறே எடுத்துக் கூறினர். 13ஆம் நூற்றாண்டினராகிய அருணந்தி சிவாசாரியர் சிவஞானசித்தியாரை இயற்றியபொழுது, பரபக்கத்தை முன்னும் சுபக்கத்தைப் பின்னும் வைத்தார். அம்முறையே கொண்டு, விஞ்ஞானிகள் கூறுவதனை முதற்கண் உரைப்பாம்.

அழுகிய பொருளிலே புழு தானே தோன்றும் என்பது கீழைநாட்டார்க்கும் மேலைநாட்டார்க்கும் பழைய கொள்கை. 1668ஆம் ஆண்டில் இத்தாலிய வைத்தியராகிய பிரான்செஸ்கோ ரெடி, இறைச்சியிட்ட பாத்திரங்களுட் சிலவற்றைத் திறந்தும் சிலவற்றை மெல்லிய துணியால் மூடியும் வைத்து, ஈ மொய்க்க இயலாத இறைச்சியிலே புழு உண்டாகாமையைக் காட்டினார். 1860ஆம் ஆண்டையடுத்துப் பிரான்சு தேசத்து லூயி பாஸ்டர், அன்னத்தின் கழுத்துப்போல வளைந்த குழாயையுடைய குடுவைகளிலே கொதித்த இரசத்தை வைத்து, தூசி புகாதவிடத்து நுண்ணுயிரும் தோன்றாமையை நிறுவினார். ஆகவே இன்று நாம் காணும் உயிருடல் ஒவ்வொன்றும் முந்தியதோர் உயிருடலிலிருந்தே வருவது என்பது தெளிவாயிற்று.

அங்ஙனமாயின், முதலாவது உயிருடல் எங்கிருந்து வந்தது? 1859ஆம் ஆண்டிலே சார்ல்ஸ் டார்வின் வெளியிட்ட நூல், உயிரினங்கள் இயற்கைத் தேர்வினால் வேறுபட்டுப் பிரிந்தமையைக் கூறிற்றேயன்றி, முதலுயிரின் பிறப்பை விளக்கப் புகவில்லை. ருஷிய அறிஞராகிய ஓபாரின் 1924ஆம் ஆண்டிலும், ஆங்கில அறிஞராகிய ஹால்டேன் 1929ஆம் ஆண்டிலும், ஆதிப் பூமியின் வாயுக்களும் நீரும் வெப்பத்தாலும் ஒளியாலும் மாறுபட்டு உயிருடற்கு வேண்டும் பொருள்களாயின எனக் கருதினர். 1953ஆம் ஆண்டிலே அமெரிக்காவில் ஸ்டான்லி மில்லர், தம் ஆசிரியராகிய ஹரல்ட் யூரியின் மேற்பார்வையில், மெதேன், அமோனியா, ஐதரசன், நீராவி என்பவற்றை ஒரு கண்ணாடிக் கருவியுள் அடைத்து, மின்னலை ஒப்ப மின்பொறியைப் பாய்ச்சினார். சில நாட்களுக்குள் புரதத்தின் உறுப்புக்களாகிய அமினோ அமிலங்கள் அதனுட் காணப்பட்டன. 1969ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவில் மேர்ச்சிசன் என்னுமிடத்தில் வீழ்ந்த விண்கல்லிலும் அத்தகைய அமிலங்கள் இருந்தன. பூமியின் வயது ஏறக்குறைய 454 கோடி ஆண்டு. மேற்கு அவுஸ்திரேலியப் பாறைகளிலே நுண்ணுயிர்கள் விட்ட சுவடுகள் ஏறக்குறைய 348 கோடி ஆண்டுப் பழமையன. இதுவே அவர் கொள்கையின் சுருக்கம்.

சடப்பொருள்களினின்று முழுக் கலம் ஒன்றை ஆய்வுகூடத்திலே இன்றுகாறும் ஒருவரும் ஆக்கிக் காட்டிலர். இது கேட்டவுடன், அகப்பட்டது இடம், அங்கேதான் கடவுள் இருக்கின்றார் என்று மகிழ்வாரும் உளர். அம்மகிழ்ச்சி ஆபத்தானது. உயிருடலிற் காணும் பொருள்களை உயிர்ச்சத்தியின்றி ஆக்கல் இயலாது என்று முன்னொருகாற் பலர் கூறினர். 1828ஆம் ஆண்டிலே ஜெர்மனியில் வோலர் என்பவர், சிறுநீரிற் காணப்படும் யூரியாவைச் சடப்பொருள்களிலிருந்தே ஆக்கினார்; அம்மதில் அன்றே விரிசல் கண்டது. மனிதன் அறியாத மூலைகளிலே இறைவனைக் குடியேற்றினால், அறிவு வளருந்தோறும் இறைவனுக்கு இடம் குறுகும். எங்கும் நிறைந்த பரம்பொருளை இவ்வாறு ஒண்டுக்குடியாக்குதல் பத்தியாகுமா? நாளை ஒருவர் அக்கலத்தை ஆக்கிக் காட்டினும் அசையாத இடத்திலேயே நம் சமயம் நிற்றல் வேண்டும். அத்தகைய இடம் அதற்கு உண்டு.

மேனாடுகளில் இதுபற்றி நிகழ்ந்த வழக்கு வேறு வகையினது. ஒன்றுமில்லாமையிலிருந்து உலகத்தையும் உயிர்களையும் கடவுள் ஆறு நாளிற் படைத்தார் என்பதனை எழுத்தெழுத்தாகக் கொண்டோர்க்கு, கோடிக்கணக்கான ஆண்டுகளும் இனங்களின் மாற்றமும் பெருந்தடையாயின. 1925ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் டெனசி மாகாணத்தில், ஸ்கோப்ஸ் என்னும் ஆசிரியர் ஒருவர் மனிதர் கூர்ப்பினால் வந்தமையைக் கற்பித்தார் என்று வழக்கிற்கு இழுக்கப்பட்டார். எனினும் கிறிஸ்தவரெல்லாரும் அங்ஙனம் கொண்டாரல்லர். பரம்பரை இலக்கணங்களின் விதிகளை 1866ஆம் ஆண்டில் வெளியிட்ட மெண்டல் ஒரு கிறிஸ்தவத் துறவியே. அவ்வழக்கை நாம் இரவல் வாங்கி, அது நம்முடையதே போல வாதாடுதல் வேண்டா. நம் வினாவை நம் நூல்களின் வழியே கேட்பாம்.

பதி, பசு, பாசம் என்னும் மூன்றும் அநாதி என்பது சித்தாந்தம். ஆன்மா ஒரு நாளிலே படைக்கப்பட்ட பொருளன்று. அங்ஙனமாயின் சிருஷ்டி என்பது யாது? அநாதியே ஆணவமலத்தால் மறைப்புண்டு கிடக்கும் ஆன்மாவுக்கு, அம்மறைப்பு நீங்குதற்பொருட்டு, மாயையினின்று தனு, கரணம், புவனம், போகம் என்பவற்றைக் கூட்டுதலே சிருஷ்டி. இல்லது தோன்றாது, உள்ளது அழியாது என்பது சற்காரியவாதம். ஆதலின் உடம்பு சடமாகிய மாயையினின்றே தோன்றுவது என்பதனை முதலிலே ஒப்புக்கொண்டவர் நாம். உயிருடல் சடப்பொருளினின்று வந்தது என்று விஞ்ஞானி கூறுங்கால் நாம் திடுக்கிடுதற்கு யாது காரணம்?

இங்கே மயக்கந் தருவது ஒரு சொல். தமிழிலே உயிர் என்னுஞ் சொல்லுக்குப் பொருள் இரண்டு. உண்டு, வளர்ந்து, தன்போல் ஒன்றை ஈன்று நிற்கும் உடம்பின் தொழில் ஒன்று. அறிவுடைப் பொருளாகிய ஆன்மா மற்றொன்று. விஞ்ஞான நூலில் ‘உயிரின் தோற்றம்’ என வருமிடத்து உயிர் என்றது முதலாவதனை. சைவநெறி நூலில் ‘உயிர் அநாதி’ என வருமிடத்து உயிர் என்றது இரண்டாவதனை. இரு நூலும் ஒரே சொல்லை எழுத, ஒரே பொருளைப் பற்றி இரண்டும் மாறுகொண்டன என்று பிள்ளை மயங்குகின்றது. இவ்வேறுபாட்டைக் கரும்பலகையில் இரண்டு வரியில் எழுதிக் காட்டும் ஆசிரியர், பாதி ஐயத்தை அப்பொழுதே தீர்த்தவராவர்.

இனி, குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டசக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம் என்பது நீவிர் நாடோறும் கற்பிப்பது. உலகுக்கு மாயை முதற்காரணம், சிவசத்தி துணைக்காரணம், சிவன் நிமித்தகாரணம். விஞ்ஞானம் ஆராய்வது முதற்காரணத்தின் விகாரங்களையே. மண்ணை எத்துணை நுணுகி ஆராயினும் அதனுட் குயவன் அகப்படான். அகப்படாமையால் அவன் இலன் என்பதும் பெறப்படாது. அற்றேல், குயவன்போல இறைவன் கையால் வனைதலை ஒருவரும் காணவில்லையே எனின், அவர் வனைதல் சங்கற்பத்தால் என்க. சூரியன் ஒவ்வொரு தாமரையையும் தொட்டு விரிப்பதில்லை. அவன் சந்நிதியிலே பக்குவமடைந்த அரும்பு தானே விரிகின்றது. அதுபோல மாயையின் விதிகள் இறைவனின் சந்நிதியில் இயங்கும். அவ்விதிகளுள் ஒன்றனை ஒருவர் கண்டறிந்தால் இறைவனுக்கு வந்த குறை யாது?

எனினும், ஈண்டு ஒன்றை மறைத்தல் ஆகாது. நிமித்தகாரணனை நாம் கொள்வது அனுமானத்தாலும் ஆகமத்தாலுமேயன்றி ஆய்வுகூடத்தின் சாட்சியாலன்று. விஞ்ஞானம் சிவனை நிரூபித்தது என்று ஒருபொழுதும் கூறற்க. மேலும், மெய்யான வழக்கு ஒன்று உண்டு. அஃது அறிவும் உடம்பின் விளைவே என்பாரோடு உள்ளது. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு என்பவற்றுள் ஒன்றிலும் இல்லாத செம்மை அவை கூடியவழித் தோன்றுமாறுபோல, பூதங்கள் கூடியவழி அறிவு தோன்றும் என்பது உலகாயதர் கூறும் பழைய உவமை. மில்லரின் குடுவை இன்று அந்த வெற்றிலைத் தட்டத்தின் இடத்தில் வைத்துப் பேசப்படுகின்றது.

இதற்கு நாம் கூறும் விடை இது. கூட்டத்தால் வந்த செம்மையும் சடமே, அது தன்னைச் செம்மை என்று அறியாது, அறிபவன் வேறொருவன். காணப்படும் பொருள்கள் எத்துணை கூடினும் காணப்படும் பொருளே மிகும். காண்பான் அதனால் வாரான். மூளை பழுதுற்றவழி அறிவு மங்குகின்றதே எனின், கருவியின்றி ஆன்மா இங்கே விடயங்களை அறியாது என்பதே நம் கொள்கையுமாதலின், கருவி பழுதுறின் அறிவு விளங்காமை நமக்கு மாறன்று. இவ்வழக்கு இன்னும் உலகத்து அறிஞரிடையே நடப்பதொன்று. மேல்வகுப்பு மாணாக்கர்க்கு இரு பக்கத்தையும் சொல்லி, நம் பக்கத்தின் நியாயத்தை எடுத்துக்காட்டி, ஆராயுமாறு விடுக. ஆராய்ந்து கொண்ட சமயமே நிலைக்கும்.

மற்றொன்று, சொல்லுதற்குத் தைரியம் வேண்டுவது. நால்வகைத் தோற்றத்துள் சுவேதசம் என்பது வியர்வையிற் பிறப்பன எனப்படும். பேனும் கிருமியும் வியர்வையிலும் அழுக்கிலும் பெற்றோரின்றித் தோன்றும் என்பது ரெடி, பாஸ்டர் ஆகியோரின் சோதனைகளுக்குப்பின் நில்லாது. இதனை ஒரு மாணாக்கன் கேட்டால் மழுப்புதல் வேண்டா. காட்சி, அனுமானம், ஆகமம் என்னும் அளவைகள் மூன்றும் தத்தமக்குரிய விடயத்திலே வலியன. பேன் பிறக்கும் வழி காட்சிக்குரியது. பழையோர் தம் கண்ணளவிற் கண்டதை வகுத்தனர். பூதக்கண்ணாடி கண்ணின் அளவைப் பெருக்கியபின் அவ்வகுப்புத் திருந்துதல் முறையே. ஆன்மாவின் பந்தமும் வீடும் பூதக்கண்ணாடிக்குரிய விடயமல்ல. அவற்றிலே ஆகமத்தின் வலிமை குன்றவில்லை. பேனுக்காக ஆகமத்தைப் பணயம் வைப்பவர் ஆகமத்துக்கு நன்மை செய்பவரல்லர்.

அதுபோலவே, எண்பத்துநான்கு லட்சம் யோனி பேதம் என்றதனால் டார்வினின் கொள்கையை நாம் முன்னமே கூறினோம் என்று பெருமை பேசற்க. அங்கே கூறப்பட்டது ஓர் ஆன்மா தன் வினைக்கீடாகப் பல உடம்புகளிற் புகுதல். இங்கே கூறப்படுவது உடல்வகைகள் தலைமுறை தலைமுறையாக மாறுதல். வேறாயின இரண்டையும் ஒன்றென்றால், சைவமும் விளங்காது, விஞ்ஞானமும் விளங்காது. பிறர் உழைத்துக் கண்டதைப் பிறருடையதென்று போற்றுதல் நமக்கு இழிவன்று.

ஆசிரியர்காள், இவ்விரு கல்வியும் ஓரிடத்திற் கைகோத்துச் செல்வதனையும் காட்டுங்கள். புல் முதல் மனிதர் ஈறாகிய உயிரினங்களெல்லாவற்றின் கலங்களிலும் டி.என்.ஏ. என்னும் ஒரே வகைப் பொருள் பரம்பரைச் செய்தியைத் தாங்கி நிற்கின்றது. ஆகவே உடம்பால் நாம் யாவரும் உறவினர் என்கின்றது விஞ்ஞானம். எறும்பினுள்ளும் யானையினுள்ளும் நிற்கும் ஆன்மா நம்மைப்போலவே இறைவன் திருவருளுக்கு உரியது என்கின்றது சைவம். இவ்விரண்டையும் கேட்ட பிள்ளை, வழியிற் கிடக்கும் நாயின்மேற் கல்லெறியக் கூசுமாயின், நும் இரு பாடவேளையும் பயன்பெற்றன.

1848ஆம் ஆண்டிலே ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தது, சைவப் பிள்ளைகள் தம் சமயத்தை அறிந்து கற்றல்வேண்டும் என்னுங் கருத்தினாலேயாம். அறிந்து கற்றல் என்பது வினாவுக்கு அஞ்சாமையையும் உள்ளடக்கியது. நம் பிள்ளைகள் சமயத்தை விட்டு நீங்குவது டார்வினின் நூலைக் கற்றதனாலன்று. கேட்ட வினாவுக்கு ஆசிரியர் முகம் சுளித்ததனாலேயே பெரும்பாலும் நீங்குகின்றனர். நாம் அஞ்சினமையைக் கண்ட பிள்ளை, நம் சமயத்தில் அஞ்சுதற்குரியதொன்று உளது என்று துணியும்.

ஆதலால், விஞ்ஞானத்தை விஞ்ஞானமாக நிரம்பக் கற்பியுங்கள். சைவத்தைச் சைவமாகத் தெளியக் கற்பியுங்கள். இரண்டுக்கும் எல்லையாகிய அச்சொல்லின் இருபொருளை மறவாது காட்டுங்கள். வினவும் பிள்ளையை அருகழைத்து, நல்ல வினா என்று முதலிற் சொல்லுங்கள். உண்மையை ஆராயும் அறிவும் சிவபெருமான் ஆன்மாவுக்கு விளக்கிய அறிவே என்னும் துணிவு நமக்கு உண்டாயின், நம் பாடசாலைகளில் எவ்வினாவும் பகையாக வந்து நில்லாது. அத்துணிவை நும் அனைவர்க்கும் அப்பெருமான் அருள்வாராக.

திருச்சிற்றம்பலம்