கல்லும் காலிப் படியும்

சங்கரன்கோவிலிலிருந்து தோழர் ஒருவர் மடல் தீட்டியிருக்கிறார். ஊர் விளையாட்டுத் திடலின் வாயிலில் மல்யுத்த வீரர் கசாபா ஜாதவுக்குச் சிலை நிறுவ இளைஞர் சிலர் எண்ணினராம். அவர்களுள் ஒருவன் எழுந்து, "கல்லைக் கும்பிடாதே என்று மேடையேறி முழங்கிவிட்டு, மறுநாளே கல்லுக்கு மாலை சூட்டுவதா?" என்று கேட்டானாம். மற்றவர் வாயடைத்துப் போயினராம்.

கேட்டவனை நான் பாராட்டுகிறேன். சங்கரநாராயணர் கோயில் புற்றுமண்ணைப் பூசினால் பிணி தீருமென்று நம்பி, ஆடித் தபசுக்கு மக்கள் வெள்ளமெனத் திரளும் ஊர் அது. அங்கே அக்கேள்வியை எழுப்பத் துணிவு வேண்டும். தன் கூட்டத்தாரிடமே எழுப்ப இன்னும் துணிவு வேண்டும்.

விக்கிரகத்திடம் மனிதன் வரம் கேட்கிறான். மனிதனின் சிலையோ, அவன் செய்ததை நமக்குச் சொல்கிறது. வேறுபாடு இதுதான் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் அந்த வேறுபாட்டை நாம் காத்தோமா? பிறந்தநாளில் மாலை, நினைவுநாளில் மாலை, இடையிலே காக்கையின் எச்சம்! திரைப்பட நடிகரின் உருவத்துக்குப் பாலை ஊற்றுகிறவர்களைப் பார்த்து நகைக்கும் உரிமைகூட நமக்குக் குறைந்து வருகிறது.

ஜாதவின் கதையைப் பாருங்கள். சாத்தாரா மாவட்டத்துக் கோலேஸ்வர் என்னும் சிற்றூரில் 1926-இல் பிறந்தவர். 1948-இல் இலண்டனில் ஆறாம் இடம் பெற்றார். 1952-இல் ஹெல்சின்கி செல்லப் பணம் இல்லை. அவர் வென்று வந்த வெண்கலம், விடுதலை பெற்ற இந்தியா தனிநபர் போட்டியில் கண்ட முதல் ஒலிம்பிக் பதக்கம். அடுத்ததற்கு நாடு 1996 வரை, 44 ஆண்டுகள் காத்திருந்தது. பின்னர் காவல்துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற அவர், 1984-இல் சாலை விபத்தில் மாண்டார். அர்ஜுனா விருது வந்தது, பெறுவதற்கு அவர் இல்லாதபோது. 2010-இல் டெல்லி மல்யுத்த அரங்குக்கு அவர் பெயரிட்டனர்.

அவரை ஹெல்சின்கிக்கு அனுப்பியவர் யார்? கோலாப்பூர் ராஜாராம் கல்லூரி முதல்வர் கர்டேகர். தம்மிடம் படித்த மாணவனுக்காகத் தம் வீட்டை அடகு வைத்து 7,000 ரூபாய் தந்தார். வட்டியைப் பற்றி அவர் வீட்டார் என்ன சொன்னார்களோ! வீரனுக்குச் சிலை வைக்கலாம். அடகுச் சீட்டுக்கு எவன் சிலை வைப்பான்?

சிலை எப்படி இருக்கலாம் என்பதற்கு அமெரிக்காவின் சான் ஹோசே பல்கலைக்கழகத்தில் ஒரு சான்று உண்டு. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில், 200 மீட்டர் ஓட்டத்தின் பரிசு மேடையில், நிறவெறியை எதிர்த்துக் கையுறை அணிந்த கரத்தை உயர்த்தினர் டாமி ஸ்மித்தும் ஜான் கார்லோசும். இரண்டாம் இடம் பெற்ற ஆஸ்திரேலிய வெள்ளையர் பீட்டர் நார்மன், அவர்கள் அணிந்த சின்னத்தையே தாமும் அணிந்து நின்றார். 2005-இல் அங்கே எழுந்த சிலையில் நார்மனின் படி காலி. அவரே அவ்வாறு விரும்பினார்: காண வருகிறவர் ஏறி, அந்த இருவரோடு நிற்கட்டும் என்று.

அங்கே கும்பிட இடமில்லை, நிற்கத்தான் இடமுண்டு.

சங்கரன்கோவில் தோழருக்கு இதையே எழுதியிருக்கிறேன். சிலை எழட்டும், பக்கத்தில் ஒரு படி காலியாக இருக்கட்டும். ஆண்டுதோறும் மாலைக்கு ஆகும் பணத்தில், விசைத்தறிக் கூடத்திலிருந்து மாலையில் திடலுக்கு ஓடிவரும் சிறுவர்களில் எத்தனை பேருக்குக் காலணி வாங்கலாம் என்று கணக்குப் பார்த்து எழுதும்படியும் கேட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.