கைக்கடிகாரத்தின் விலை

நன்மை தீமை பற்றிய கேள்விகள் பெரிய காரியங்களில்தான் எழும் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். கடைவீதியில், கண்ணாடிப் பெட்டியின் முன்னே, பணப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போதும் அவை எழுவதுண்டு.

சென்ற மாதம் என் தங்கை மகன் முதற் சம்பளத்தோடு வீட்டுக்கு வந்தான். "மாமா, ஒரு கைக்கடிகாரம் வாங்கலாமென்றிருக்கிறேன். ஆயிரம் ரூபாய்க்கும் இருக்கிறது, லட்சம் ரூபாய்க்கும் இருக்கிறது. இரண்டும் ஒரே மணியைத்தானே காட்டும்? அப்படியானால் லட்சம் கொடுப்பவன் மூடனா?" என்று கேட்டான். கையிலே தொலைபேசி வைத்திருப்பவனுக்குக் கடிகாரம் எதற்கு என்று நான் திருப்பிக் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. மணி பார்க்கவென்று தொலைபேசியை எடுத்தவன் அரைமணி நேரம் கழித்தே அதைக் கீழே வைப்பதை நாம் எல்லாரும் நம் வீட்டிலேயே காண்கிறோம்.

அவன் கேள்வியில் பாதிக்கு விடை சொல்வது எளிது. நேரம் காட்டும் வேலையை மட்டும் பார்த்தால் மலிவான கடிகாரமே வெல்கிறது. பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் கடிகாரத்துக்குள் ஒரு சிறு படிகம் விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அந்த அதிர்வை எண்ணியே நேரம் கணக்கிடப்படுகிறது. கேசியோ நிறுவனம் 1989-ல் வெளியிட்ட எஃப்-91டபிள்யூ என்னும் பிளாஸ்டிக் கடிகாரம் மாதத்துக்கு 30 விநாடிக்குமேல் தவறாது என்பது அந்நிறுவனத்தார் சொல்லும் கணக்கு. சாவி கொடுத்து ஓடும் உயர்ந்த சுவிஸ் கடிகாரமோ விநாடிக்குப் பெரும்பாலும் 8 முறைதான் அடிக்கிறது. சுவிஸ் நாட்டில் க்ரோனோமீட்டர் என்ற நற்சான்றுக்காக அதை 15 நாள் சோதிப்பார்கள். அப்போது நாளொன்றுக்குச் சராசரியாக 4 விநாடிக்குமேல் பிந்தாமலும் 6 விநாடிக்குமேல் முந்தாமலும் ஓடினால் தேறிவிடும். அதாவது, லட்சக்கணக்கில் விலைபோகும் கடிகாரம் ஒரு நாளில் செய்ய அனுமதிக்கப்பட்ட பிழையைச் செய்ய, பிளாஸ்டிக் கடிகாரத்துக்குச் சில நாட்கள் பிடிக்கும்!

இன்னொரு வேடிக்கையும் உண்டு. உலகின் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரம், சைக்கோ அஸ்ட்ரான், 1969-ம் ஆண்டு கிறிஸ்துமஸ் தினத்தன்று டோக்கியோவில் விற்பனைக்கு வந்தது. விலை 4,50,000 யென். அன்று அங்கே ஒரு சிறிய மோட்டார் காரின் விலை. அதே தத்துவத்தில் ஓடும் கடிகாரத்தை இன்று பள்ளிக்கூடச் சிறுவன் கட்டிக்கொண்டு கிணற்றில் குதிக்கிறான்.

அப்படியானால் மிகுதிப் பணம் எதற்கு? ஒரு பகுதி வேலைப்பாட்டுக்கு. நல்ல சாவிக் கடிகாரத்தில் நூற்றுக்கு மேற்பட்ட நுண்ணிய உறுப்புகள் இருக்கின்றன. மூடியைத் திறந்தாலன்றித் தெரியாத ஓரங்களையும் சிறந்த தொழிலாளி மெருகிட்டே வைக்கிறான். இதற்குப் பணம் கொடுப்பது மூடத்தனம் என்று நான் சொல்லமாட்டேன். நூற்சேலையும் மானத்தைக் காக்கத்தான் செய்கிறது. ஆயினும் காஞ்சிபுரத்து நெசவாளிக்குக் கூலி கொடுப்பதை யாரும் குற்றமென்று சொல்வதில்லையே. குவார்ட்ஸ் வந்தபின் சுவிட்சர்லாந்தில் கடிகாரத் தொழிலாளர் தொகை 15 ஆண்டுக்குள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிற்று. பெங்களூரில் ஜப்பானியரின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து 1961-ல் கடிகாரம் செய்யத் தொடங்கிய நமது எச்.எம்.டி.யின் கடிகாரப் பிரிவை மூட 2016-ல் மத்திய அரசாங்கம் ஒப்புதல் தந்தது. நம் தகப்பன்மார் தினமும் சாவி கொடுத்த 'ஜனதா' அங்கே பிறந்ததுதான். கைத்திறனுக்குக் காசு கொடுப்பவர் ஒருவரும் இல்லையென்றால் கைத்திறனும் இராது.

ஆனால் ஒரு விலைக்குமேல் போனால் பணம் தொழிலாளிக்குப் போவதில்லை, பெயருக்குப் போகிறது. அமெரிக்க நடிகர் பால் நியூமன் கட்டியிருந்த ரோலெக்ஸ் டேடோனா 2017-ல் நியூயார்க்கில் 1 கோடியே 77 லட்சம் டாலருக்குமேல் ஏலம்போயிற்று. 2009-ல் அதே நகரில் காந்தியடிகளின் இடுப்புக் கடிகாரம் அவருடைய மூக்குக்கண்ணாடி, செருப்பு, கிண்ணம், தட்டு ஆகியவற்றுடன் 18 லட்சம் டாலருக்குப் போயிற்று. நேரம் தவறாதிருப்பதற்காக அதை இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டிருந்தவர் இந்தக் கணக்கைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!

எளிமையிலும் ஒரு கண்ணி இருக்கிறது. 2025-ல் காலமான பாப்பரசர் பிரான்சிஸ் கறுப்புப் பட்டையிட்ட சாதாரணக் கடிகாரம் அணிந்திருந்ததைப் படங்களில் பார்த்திருக்கிறோம். அதைக் கண்டு நாமும் மலிவாக வாங்கிவிட்டு, "பார்த்தீர்களா, நான் ஐந்நூறு ரூபாய்க் கடிகாரம்தான் கட்டுகிறேன்" என்று நாலு பேரிடம் சொல்லிக்கொண்டு திரிந்தால், அதுவும் பிறர் கண்ணுக்காக வாங்கிய கடிகாரமே.

வாங்கப் போகிறவர்களுக்குச் சில வார்த்தை. எண்கள் ஒரு பார்வையில் தெரியவேண்டும். '30 மீட்டர்' என்று எழுதியிருப்பதை நம்பி நீந்தப் போகவேண்டாம். கை கழுவும் தண்ணீரும் மழைத் தூறலும் தாங்கும் என்பதே அதன் பொருள். பிளாஸ்டிக் கண்ணாடி எளிதில் கீறும், ஆனால் தேய்த்து மெருகிடலாம். சஃபையர் கண்ணாடி எளிதில் கீறாது, ஆனால் உடைந்தால் செலவு. செல்லும் வாரும் மாற்ற நம் ஊரிலேயே ஆள் உண்டா என்று கேளுங்கள். சாவிக் கடிகாரம் வாங்கினால் சில ஆண்டுக்கொருமுறை பிரித்து எண்ணெயிடவேண்டும். அந்தச் செலவில் நாலு குவார்ட்ஸ் வாங்கலாம். மாதத் தவணையில் வாங்கவே வேண்டாம். இன்னும் தன்னுடையதாகாத ஒன்றை ஓராண்டு காலம் மணிக்கட்டில் கட்டிக்கொண்டு ஊரார் முன் நடப்பது என்ன பெருமை?

இவ்வளவும் மருமகனிடம் சொன்னேன். சொல்லத் தயங்கிய ஒன்றையும் பிறகு சொன்னேன்.

1978-ல் என் கலியாணம் பேசியபோது, என் வீட்டார், "நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை, மாப்பிள்ளை கைக்கு ஒரு வெளிநாட்டு வாட்ச் மட்டும் போட்டுவிடுங்கள்" என்றார்கள். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். வாய் திறக்கவில்லை. அக்காலத்தில் இறக்குமதிக் கட்டுப்பாடு மிகுதி. அப்படிப்பட்ட கடிகாரம் பெரும்பாலும் கள்ளச் சரக்காகவே கிடைக்கும். மாமனார் எங்கெங்கோ அலைந்து வாங்கிவந்து போட்டார். பொன்முலாம் பூசிய அதைக் கட்டிக்கொண்டு, சட்டைக் கையைச் சற்று மேலே தள்ளிவிட்டுக்கொண்டே நான் திரிந்தேன். பதினொரு வருஷம் கழித்து ஒருநாள், அது ஓடாமல் நின்றபோது, "இதற்கு இனி என்ன மதிப்பு?" என்று மேசைமேல் எறிந்தேன். அப்போதுதான் என் மனைவி சொன்னாள்: அதை வாங்க அவளுடைய தாயாரின் ஒற்றைச் சங்கிலி அடகுக்குப் போயிற்று, வட்டி கட்ட முடியாமல் அது மூழ்கியும் போயிற்று.

நான் ஒரு காசும் கொடுக்காத காரணத்தால் அதற்கு விலையே இல்லை என்று இருந்துவிட்டேன். அந்த வருஷமே ஒரு சங்கிலி செய்து கொண்டுவந்து மனைவியிடம் கொடுத்தேன். "அம்மா கழுத்துக்கல்லவா இது வேண்டியிருந்தது?" என்றாள். மாமியார் இறந்து அப்போது மூன்று வருஷமாகியிருந்தது.

லட்சம் கொடுப்பவன் மூடனா என்று கேட்டவனுக்கு நான் சொல்லக்கூடிய விடை இவ்வளவுதான்: அது யாருடைய லட்சம் என்று முதலில் பார். உழைத்துச் சேர்த்தது, வீட்டுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்து மிஞ்சியது என்றால், நல்ல வேலைப்பாட்டை விரும்புகிறவன் வாங்கட்டும். நான் அவனைக் குற்றம் சொல்லேன்.

பையன் தன் தங்கையின் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டிவிட்டு, மீதியில் ஓசூரில் செய்த ஒரு சாதாரணக் கடிகாரம் வாங்கினான். பார்வைக்கு நன்றாகவே இருக்கிறது. தை மாதம் அவனுக்குப் பெண் பார்க்கப் போகிறோம். மாப்பிள்ளைக்கு என்ன வாட்ச் வேண்டும் என்று பெண் வீட்டார் கேட்டால், "அவன் கையில் ஏற்கெனவே ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது" என்று சொல்லும்படி என் தங்கையிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.