தோலின் சாட்சியம்: குளிர்நாட்டு மேலங்கியும் குழந்தையின் சொல்லும்

குளிர்நாட்டில் வளரும் குழந்தைக்கு மேலங்கி விரும்பினால் அணியும் உடையன்று. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலும் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்திலும் ஆண்டில் நான்கைந்து மாதங்கள் அது இல்லாமல் பள்ளிக்கோ வழிபாட்டிடத்திற்கோ செல்ல இயலாது. ஆயினும் அந்த மேலங்கியே தாங்கொணாத துன்பமாகிவிடும் குழந்தைகளும் அந்நாடுகளில் இருக்கிறார்கள். கழுத்தை உரசும் காலர், பிடரியில் தைத்த லேபிள், மணிக்கட்டை இறுக்கும் எலாஸ்டிக், கையை அசைக்குந்தோறும் சரசரக்கும் நைலான், தாடையில் சில்லென்று படும் ஜிப் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றே அக்குழந்தை அலறி அழுது ஆடையைக் கழற்றி எறியப் போதுமானது. அதே ஆடையைத் தடவிப் பார்க்கும் பெரியவருக்கோ அது மென்மையாகவே இருக்கிறது. இவ்விருவருள் எவருடைய அறிவு மெய்யானது, ஓர் உடலில் நிகழும் துன்பத்தை மற்றொருவர் எந்த வழியால் அறிய முடியும், நேரே அறிய முடியாத இடத்தில் அவருடைய கடமை யாது என்பவை மெய்யியலின் பழைய வினாக்கள். பனிக்காலக் காலைகளில் வீட்டு வாசலில் அவை நாள்தோறும் எழுகின்றன.

தொடுதல், ஒலி, ஒளி, மணம் முதலியவற்றைப் பிறரைவிடக் கூர்மையாகவும் துன்பமாகவும் உணரும் இயல்பு புலன் மிகையுணர்வு எனப்படும். அமெரிக்காவில் ஆக்குபேஷனல் தெரபி துறையின் ஆய்வாளராக விளங்கிய ஜீன் ஏயர்ஸ், தொடுதலைத் தாக்குதலாக உணர்ந்து விலகும் குழந்தைகளைப் பற்றி 1960களில் எழுதத் தொடங்கி, 1972இல் வெளியிட்ட நூலில், புலன்கள் தரும் செய்திகளை மூளை ஒழுங்குபடுத்திச் செயலுக்குப் பயன்படுத்தும் முறையைப் புலன் ஒருங்கிணைப்பு என்னும் கோட்பாடாக விளக்கினார். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 கையேடு, புலனுணர்வு மிகுதலையும் குறைதலையும் ஆட்டிசத்தின் அடையாளங்களுள் சேர்த்துக்கொண்டது. எனினும் இவ்வியல்பைத் தனியொரு நோயாக அது ஏற்கவில்லை. அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் கழகமும் 2012இல் அதைத் தனி நோய்ப்பெயராக வழங்க வேண்டாம் என்றே அறிவுறுத்தியது. இக்கருத்து வேறுபாடு நோய்க்குப் பெயரிடுவதைப் பற்றியது மட்டுமே. பெயர் இல்லாததால் வலியும் இல்லை என்று கொள்வதற்கு மருத்துவத்தில் எந்த ஆதாரமும் கிடையாது.

உண்மையில், "குத்துகிறது" என்னும் குழந்தையின் சொல்லுக்குப் பொருளறிவியல் வலுவான துணை நிற்கிறது. கம்பளித் துணியின் குத்தல் ஒவ்வாமையால் வருவது என்றே நெடுங்காலம் பலரும் எண்ணினர். 1980களில் ஆஸ்திரேலியாவில் நிகழ்ந்த ஆய்வுகள், துணியின் மேற்பரப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் பருமனான நார்முனைகள் தோலை அழுத்தி, வலியை உணர்த்தும் நரம்பிழைகளையே தூண்டுகின்றன என்று காட்டின. மெல்லிய நார் தோலில் பட்டவுடன் வளைந்துவிடுகிறது. ஏறத்தாழ 30 மைக்ரோமீட்டருக்கு மேற்பட்ட பருமனுடைய நார் வளையாமல் நின்று குத்துகிறது. அத்தகைய நார்கள் 5 சதவீதத்தைத் தாண்டினால் துணி குத்தும் என்பது கம்பளித் தொழிலில் இன்றும் வழங்கும் அளவுகோல். இந்த ஆய்வுகளில் வெளிப்பட்ட மற்றொரு செய்தி இக்கட்டுரைப் பொருளுக்கு மிக இன்றியமையாதது: விரல்நுனியின் தடித்த தோலில் இந்தக் குத்தல் தோன்றுவதில்லை, முன்கை, கழுத்து முதலிய மயிர்த்தோலிலேயே அது தோன்றுகிறது. ஆகவே, கடையில் துணியை விரலால் தடவி "இது பஞ்சுபோல் இருக்கிறதே" என்று தீர்ப்பளிக்கும் பெரியவர், அந்த உணர்வை அறியவே இயலாத உறுப்பைக் கொண்டு சோதித்துவிட்டுக் குழந்தையின் கழுத்து சொல்வதை மறுக்கிறார்.

தொடுவுணர்வுக்குத் தமிழ் மரபு அளித்திருக்கும் இடம் மிக அடிப்படையானது. தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுக்கும்போது உடம்பால் உணரும் அறிவையே முதலில் வைக்கிறது. புல்லும் மரமும்கூட அதை உடையன. கண்ணை மூடலாம், காதைப் பொத்தலாம், தோலை மூட வழியில்லை என்பதையும், மூடுவதற்கென்று போர்த்தும் பொருளே இங்கே துன்பமாகிறது என்பதையும் சேர்த்து நோக்கினால், இக்குழந்தைகளின் நிலை எவ்வளவு நெருக்கடியானது என்பது விளங்கும்.

தோலில் ஆடை படுவது வேறு, அதனால் துன்பம் உண்டாவது வேறு என்பதையும் சைவ சித்தாந்த அளவையியல் பிரித்தறிந்திருக்கிறது. அளவை என்பது மெய்யறிவைப் பெறும் வழி. 13ஆம் நூற்றாண்டில் அருள்நந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியார், காட்சி, கருதல், உரை ஆகிய மூன்றையும் முதன்மையான அளவைகளாகக் கொண்டு, காட்சியை மேலும் நான்காகப் பகுக்கிறது. பொறிகளின் வழியே புறப்பொருளை அறிவது வாயிற்காட்சி. உயிர் தன்னிடத்தே எழும் இன்பதுன்பங்களை உணர்வது தன்வேதனைக் காட்சி. மேலங்கியின் நிறத்தையும் எடையையும் தாயும் குழந்தையும் ஒருங்கே காணலாம்; அவை வாயிற்காட்சிக்கு உரியன. அது தரும் துன்பமோ தன்வேதனைக் காட்சிக்கு மட்டுமே உரியது. அந்தக் காட்சிக்கு அக்குழந்தையைத் தவிர வேறு எவரும் உரியவராக இயலாது. தாய்க்கு எஞ்சுவன கருதலும் உரையுமே, அதாவது அறிகுறி கண்டு உய்த்துணர்வதும் உணர்ந்தவர் சொல்லை ஏற்பதுமே.

உரையளவை என்றவுடன் வேதமும் ஆகமமும் ஆன்றோர் மொழியுமே பலருக்கு நினைவுக்கு வரும். ஆனால் இந்திய அளவையியலின் பழைய நூலான நியாய சூத்திரத்துக்குக் கி.பி. 5ஆம் நூற்றாண்டளவில் உரை கண்ட வாத்ஸ்யாயனர், நம்பத்தக்கவர் எனப்படும் ஆப்தருக்குக் கூறிய இலக்கணம் வியக்கத்தக்க அளவு விரிந்தது. ஒரு பொருளை நேரே அறிந்தவராகவும், அறிந்தவாறே பிறருக்குச் சொல்லும் விருப்பம் உடையவராகவும் இருப்பவர் ஆப்தர். இவ்விலக்கணம் ரிஷிக்கும் ஆரியருக்கும் மிலேச்சருக்கும் பொது என்று அவர் வெளிப்படையாகவே குறிப்பிடுகிறார். பிறப்போ கல்வியோ சமூகத் தகுதியோ அங்கே அளவாகவில்லை. வயதை அவர் பேசவில்லையாயினும், அந்த இலக்கணத்தின் உள்ளியல்பு குழந்தையையும் உள்ளடக்கும் என்று கொள்வதே நேர்மையான வாசிப்பாகும். தன் கழுத்தில் உண்டாகும் துன்பத்தைப் பற்றி நான்கு வயதுக் குழந்தையே ஆப்தர். மருத்துவரும் ஆசிரியரும் பெற்றோரும் அவரிடம் கேட்டறிய வேண்டியவர்கள்.

இந்த நம்பிக்கை மறுக்கப்படுவது வெறும் அறிவுப் பிழையன்று, அநீதியும் ஆகும் என்பதை நம் காலத்தில் மிராண்டா ஃப்ரிக்கர் என்னும் மெய்யியலாளர் 2007இல் வெளியிட்ட நூலில் நிறுவினார். கேட்பவரின் முற்சாய்வு காரணமாக ஒருவரின் சாட்சியத்துக்கு உரிய மதிப்பு குறைக்கப்படும்போது, அவர் அறிவுடைய உயிர் என்னும் தகுதியிலேயே தீங்கு இழைக்கப்படுகிறார் என்பது அவர் வாதம். "பிடிவாதம்", "செல்லம் கொடுத்துக் கெட்டது" என்னும் சொற்கள் மேலங்கியை மறுக்கும் குழந்தையின்மீது எவ்வளவு எளிதாக விழுகின்றன என்பதை எண்ணினால், அவ்வநீதி தொலைவில் எங்கோ நிகழ்வதன்று என்பது புலப்படும். மீண்டும் மீண்டும் நம்பப்படாத குழந்தை, காலப்போக்கில் தன் உடல் சொல்வதைத் தானே நம்பாமல் போகக்கூடும் என்பது இதனினும் பெரிய இழப்பு.

பேசாத குழந்தைகளின் நிலை மேலும் கவனத்துக்குரியது. ஆட்டிசம் உடைய குழந்தைகளுள் பேச்சு வாய்க்காதவர்களும் உண்டு. அவர்களிடத்தில் உரையளவைக்கு மாற்றாகக் கருதலளவையே துணை. புகை கண்டு நெருப்பை உய்த்துணர்வதை மெய்யெனக் கொள்ளும் மரபு, காலரைப் பற்றி இழுக்கும் கையையும், மேலங்கி மாட்டப்பட்ட ஆணியைக் கண்டதும் பின்வாங்கும் காலையும் கண்டு துன்பத்தை உய்த்துணர்வதை மெய்யன்று எனத் தள்ள முடியாது.

இதற்கு எதிராகச் சமயப் பற்றுடையோர் எழுப்பக்கூடிய மறுப்பு எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. குளிரும் வெப்பமும் இன்பமும் துன்பமும் புலன்களின் தொடர்பால் வருவன, வந்து போவன, ஆகவே அவற்றைப் பொறுத்துக்கொள்க என்பது பகவத் கீதையின் இரண்டாம் அத்தியாயம் அருச்சுனனுக்குக் கூறும் அறிவுரை. வேதாந்தம் திதிட்சை எனப்படும் இப்பொறுமையை, வீடுபேற்றை நாடுபவர் பெற்றிருக்க வேண்டிய தகுதிகளுள் ஒன்றாக எண்ணுகிறது. கிறித்தவத் துறவிகளும் முரட்டு மயிராடையை உள்ளே அணிந்து நோன்பு நோற்றனர். கார்த்தூசியர் என்னும் துறவு மரபினருக்கு அது விதியாகவே இருந்தது. 1170இல் கேன்டர்பரிப் பேராலயத்தில் கொல்லப்பட்ட தாமஸ் பெக்கட்டின் உடலில், பேராயருக்குரிய உடைகளின் அடியில் அத்தகைய ஆடை இருந்ததைக் கண்ட துறவிகள் அதை அவருடைய தூய்மைக்குச் சான்றாகக் கொண்டனர்.

ஆனால் இந்த மரபுகளை ஊன்றி நோக்கினால் அவை குழந்தையின் பக்கமே சான்று பகர்கின்றன. முரட்டுத் துணி தோலில் படுவது கொடிய வேதனை என்பதை அவை அனைத்தும் முற்ற அறிந்திருந்தன. அறிந்திருந்ததாலேயே அது தவமாயிற்று. தவத்தின் உயிர் தேர்வில் இருக்கிறது. வளர்ந்த ஒருவர் ஒரு நோக்கத்துக்காகத் தானே ஏற்ற துன்பத்தையும், காரணம் அறியாத குழந்தையின்மீது பிறர் சுமத்தும் துன்பத்தையும் ஒன்றாக்குவது தவத்தையே இழிவுபடுத்துவதாகும். புத்தரோ தாமே ஏற்ற உடல்வருத்தத்தையும் பயனற்றதெனக் கைவிட்டவர். பௌத்த நூலான அங்குத்தர நிகாயத்தில் ஆசீவக ஆசான் மற்கலி கோசாலரின் கொள்கையைக் கண்டிக்கும் அவர், நெய்யப்பட்ட ஆடைகளுள் மிகத் தாழ்ந்தது மயிர்க்கம்பளமே என்று கூறி, குளிரில் குளிர்வது, வெயிலில் சுடுவது என்பனவற்றோடு தொடுவதற்குத் துன்பமானது என்பதையும் அதன் குறைகளுள் எண்ணுகிறார். கீதையின் அறிவுரைக்கும் ஓர் அடிப்படை உண்டு: தொடர்பால் வரும் உணர்வு நில்லாமல் போய்விடும் என்பதே அது. பெரும்பாலோருக்குப் புதிய ஆடையின் உணர்வு சில நிமிடங்களில் மறைந்துவிடுகிறது. நரம்பு அதற்குப் பழகிவிடுகிறது. புலன் மிகையுணர்வு உடைய குழந்தைக்கோ அது அவ்வளவு விரைவில் போவதில்லை. எளிதில் போகாத ஒன்றை உடனே போய்விடும் என்று சொல்லிப் பொறுக்கச் செய்வது அந்த உபதேசத்தின் பொருளாகாது.

இதற்குத் தெளிவான சாட்சி ஆட்டிசம் உடையவரும் கால்நடை அறிவியலாளருமான டெம்பிள் கிராண்டின். 1947இல் பிறந்த அவர், 1995இல் வெளியான நூலில், சிறுவயதில் ஞாயிறுதோறும் தேவாலயம் செல்வது தமக்குக் கொடுங்கனவாக இருந்ததென்றும், அதற்குக் காரணம் அன்று அணிவிக்கப்பட்ட உறுத்தும் உள்பாவாடையும் வழக்கத்துக்கு மாறான உடைகளுமே என்றும் எழுதினார். பிறர் நிமிடங்களில் பழகிவிடும் புதிய உடைக்குத் தாம் பழகச் சில நாட்கள் ஆகும் என்பதையும் அவர் பதிவு செய்தார். அதே கிராண்டின், மெல்லிய தொடுதலைத் தாங்காத தம் உடல் ஆழ்ந்த அழுத்தத்தில் அமைதியடைவதை உணர்ந்து, கால்நடைகளைப் பிடித்து நிறுத்தும் கூண்டைப் பார்த்துத் தமக்கென ஓர் அழுத்தப் பொறியையே அமைத்துக்கொண்டார். மென்மையான, தளர்ந்த உடையே எல்லாக் குழந்தைகளுக்கும் ஏற்றது என்னும் பொது விதியும் ஆகவே செல்லாது; சில குழந்தைகள் இறுக்கமும் கனமும் உள்ள மேலங்கியையே நாடுகின்றன. எது எவருக்கு என்பதைக் கேட்டே அறிய வேண்டும்.

எனினும் குழந்தையின் சொல்லுக்கு ஓர் எல்லை உண்டு. அதைக் குளிர் வகுக்கிறது. காற்றின் விசையையும் சேர்த்துக் கணிக்கப்படும் குளிர் அளவு மைனஸ் 28 பாகைக்குக் கீழே இறங்கினால், திறந்திருக்கும் தோல் 10 முதல் 30 நிமிடங்களுக்குள் உறைந்து புண்ணாகக்கூடும் என்று கனடா அரசின் வானிலைத் துறை எச்சரிக்கிறது. உடலின் உள்நிலையை உணர்வதிலும் வேறுபாடுடைய சில குழந்தைகள் அக்குளிரைத் தாமதமாகவே உணர்வதால், "குளிரவில்லை" என்னும் சொல் உண்மையாகவே சொல்லப்பட்டாலும் ஆபத்தை விலக்காது. துன்பம் இருக்கிறதா என்பதில் குழந்தை தவறுவதில்லை. தீங்கு வருமா என்பதில் தவறக்கூடும், ஏனெனில் தீங்கு தன்வேதனைக் காட்சிக்கு உரிய பொருளன்று. உறைபனியைப் பற்றிப் பெரியவர் ஆப்தர், துணியைப் பற்றிக் குழந்தை ஆப்தர். ஒருவர் மற்றவரின் எல்லைக்குள் புகுந்து தீர்ப்பளிப்பதே வாசலில் நிகழும் பூசலின் வேர்.

இவ்வாறு எல்லை பிரிந்தபின் எஞ்சுவது கைவேலையே. உடல் சூடாக இருக்க வேண்டும் என்பதைப் பெரியவர் விட்டுக்கொடுக்காமல், எதனால் சூடாக இருப்பது என்பதைக் குழந்தையிடம் விடலாம். தையல் வெளிப்பக்கம் வருமாறு திருப்பி அணிந்த பருத்திச் சட்டை, அதன்மேல் ஃப்ளீஸ், அதன்மேல் சரசரக்காத காற்றுத்தடுப்பு உடை என மெல்லிய அடுக்குகள் பல சேர்ந்து ஒரு பருத்த மேலங்கியின் வேலையைச் செய்யும். பருத்த மேலங்கியோடு காரின் குழந்தை இருக்கையில் பட்டி கட்டுவது பாதுகாப்பற்றது என்று மருத்துவர்கள் கூறுவதால் அவ்வகையிலும் அடுக்குமுறை நன்று. லேபிளைத் தையலோடு பிரித்தெடுப்பதும், பலமுறை துவைத்து விறைப்பை நீக்குவதும், ஜிப்பின் தலைப்பில் துணி வைத்துத் தைப்பதும் சிறு செயல்கள்தாம். ஆயினும் சொன்னது கேட்கப்பட்டது என்பதற்கு அக்குழந்தை காணும் சான்று அவையே.

கோயிலுக்கும் தேவாலயத்துக்கும் பள்ளிக்கும் பொறுப்பானவர்கள், ஒரு குழந்தை பட்டு உடுத்தாமல் நைந்த பருத்தி உடையில் வந்தாலும், உள்ளே வந்தபின் மேலங்கியைக் கழற்ற மறுத்தாலும் அதை அவமதிப்பாகக் கொள்ளாதிருக்க வேண்டும். பெற்றோர் அடுத்த பனிக்காலத்துக்கு மேலங்கி வாங்கும்போது, இலையுதிர் காலத் தொடக்கத்திலேயே கூட்டமில்லாத நேரத்தில் குழந்தையையும் அழைத்துச் சென்று, விரலால் தடவிப் பார்ப்பதை விட்டுவிட்டு, அதன் கழுத்திலும் முன்கையின் உட்புறத்திலும் துணியை வைத்துக் கேட்டு, அது ஏற்றுக்கொண்ட ஆடை கிடைத்தால் அடுத்த ஆண்டுக்கான பெரிய அளவிலும் அதையே ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளட்டும்.