அம்மாவின் மூக்கும் என் சான்றிதழும்

தேர்வில் 30 கேள்விகள். நேரம் 45 நிமிடம். 70 விழுக்காடு எடுத்தால் தேர்ச்சி. லண்டனில் 1969-இல் தொடங்கப்பட்ட வைன் அண்ட் ஸ்பிரிட் எஜுகேஷன் டிரஸ்ட் என்ற அமைப்பு நடத்தும் சாக்கே முதல்நிலைத் தேர்வு அது. சாக்கே, அரிசியில் செய்யும் ஜப்பானிய மது. நான் மலாக்கா நகரில் ஒரு ஜப்பானிய உணவகத்தில் பரிமாறும் வேலையில் இருக்கிறேன். சான்றிதழ் இருந்தால் சம்பளம் கொஞ்சம் ஏறும் என்றார்கள். இரவு வேலை முடிந்து வந்து, பதினொரு மணிக்கு மேல் மடிக்கணினியைத் திறந்து இணையத்திலேயே படித்தேன்.

அம்மா இரண்டு நாள் ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் கேட்டார்: “சாராயத்துக்கு என்னாத்துக்குடி பரீட்சை? ஒங்க தாத்தா எழுதாமலே பாஸ் பண்ணிட்டாரு.”

தாத்தா ஜாசின் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். 1983-இல் ஈரல் கெட்டுச் செத்துப்போனார். அம்மாவுக்கு அப்போது பதினாறு வயது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்குள் மது வந்ததில்லை. இத்தனை வருடம் கழித்து அதைக் கொண்டுவந்தவள் நான். தபாலில், சின்னச்சின்னக் கண்ணாடிக் குப்பிகளில், ஒவ்வொன்றிலும் பெயர் ஒட்டி.

பாடம் எனக்குப் பிடித்திருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. அரிசியில் மாவுச்சத்து இருக்கிறது, ஈஸ்ட் தின்பதற்கான சர்க்கரை இல்லை. அதனால் வேகவைத்த அரிசியில் கோஜி என்னும் பூஞ்சையை வளர்க்கிறார்கள். அது மாவைச் சர்க்கரையாக்க, அதே தொட்டியில் அதே நேரத்தில் ஈஸ்ட் அந்தச் சர்க்கரையை மதுவாக்குகிறது. அரிசியைத் தீட்டுவதற்கும் கணக்கு உண்டு. கின்ஜோ என்றால் அரிசிமணியில் 60 விழுக்காடோ அதற்குக் குறைவாகவோதான் மிஞ்சியிருக்க வேண்டும். டாய்கின்ஜோ என்றால் 50. இதை அம்மாவிடம் சொன்னபோது, “பாதி அரிசியத் தேச்சே தீத்துருவானா?” என்றார். பஞ்சம் பார்த்த குடும்பத்தின் கேள்வி அது.

ஒரு நாள் நான்கு குப்பிகளை வரிசையாக வைத்து முகர்ந்துகொண்டிருந்தேன். மணம் மெலிதா, நடுத்தரமா, தூக்கலா என்று எழுத வேண்டும். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் எனக்கு வேறுபாடு தெரியவில்லை. அம்மா பின்னாலிருந்து குனிந்து முகர்ந்தார். “இது பழ வாசம். இது சோத்துக் கஞ்சி வாசம். இது ரெண்டும் ஒண்ணா?” என்றார். விடையைத் திருப்பிப் பார்த்தேன். அவர் சொன்னதுதான் சரி.

“எப்படிம்மா?”

“கள்ளு வாசம் தெரியாம தோட்டத்துல வளர முடியுமா? காலையில எறக்குனது எளநி மாதிரி இனிக்கும். வெயில் ஏறுனா புளிப்பு ஏறும். சாயங்காலம் காட்டமாயிரும். அப்பா வாசப்படி ஏறும்போதே மூக்குல தெரியும், எந்நேரத்துக் கள்ளு, எத்தன மங்குன்னு. அத வச்சுத்தான் தம்பிய எங்க தூங்க வைக்கிறதுன்னு முடிவு பண்ணுவேன்.”

எனக்குப் பாடம் சொன்ன ஆசிரியர் எவருக்கும் இல்லாத நுட்பமான மூக்கு என் அம்மாவுக்கு இருக்கிறது. அது பயத்தில் கூர்மையான மூக்கு. நான் ஓய்வு நேரத்தில் காசு கட்டிக் கற்பதை அவர் பத்து வயதில், அடி விழுமா விழாதா என்று தெரிந்துகொள்வதற்காகக் கற்றிருக்கிறார். இரண்டும் ஒரே அறிவுதானா? அன்றிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

முதலில் எனக்குத் தோன்றிய பதில் கோபமான பதில். எல்லாம் வர்க்க வேறுபாடுதான். பணம் உள்ளவன் குடித்தால் ரசனை, கூலிக்காரன் குடித்தால் குடி. சாக்கே வடிக்கும் கைத்திறனை 2024 டிசம்பரில் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டுச் செல்வங்களில் ஒன்றாகச் சேர்த்தது. தென்னம்பாளையைச் சீவி, நாள் தவறாமல் மரமேறி இறக்கியவரின் கைத்திறன் எந்தப் பட்டியலில் இருக்கிறது? நம் மரபிலும் கள் எப்போதும் இழிவாக இருந்ததில்லை. அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாடல், அவன் தனக்குக் கிடைத்த கள்ளைப் பகிர்ந்துகொண்ட விதத்தை நினைத்துத்தான் தொடங்குகிறது. வள்ளுவர் கள்ளுண்ணாமைக்குத் தனி அதிகாரம் எழுதியதும் அதே மரபில்தான்.

ஜப்பானிலும் இப்படி நடந்திருக்கிறது. அங்கே விவசாயிகள் வீட்டிலேயே வடித்த, வடிகட்டாத கலங்கல் மதுவுக்கு டொபுரோக்கு என்று பெயர். 1899-இல் வீட்டில் வடிப்பதை அரசு முழுவதும் தடை செய்தது. மதுவரி அப்போது அரசுக்கு மிகப் பெரிய வருமானம். ஏழையின் பானை குற்றமாயிற்று, வரி கட்டியவனின் தொட்டி மரபாயிற்று. மலாயாவில் காலனி அரசு தோட்டங்களுக்குள்ளேயே கள்ளுக்கடைக்கு உரிமம் கொடுத்தது. வெள்ளைக்காரனுக்கு அதில் வருமானம் இருந்தது, மாலையில் கள்ளுக்கடையில் உட்கார்ந்திருப்பவன் சங்கம் சேர மாட்டான் என்ற நிம்மதியும் இருந்திருக்கும்.

இந்தப் பதிலோடு நின்றிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். ஆனால் 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு சேர்த்துக் கள்ளுக்கடைகளை மூடச் சொன்னார்கள். துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. 1947-இல் கெடாவில் ஹார்வர்ட் தோட்டத்தைச் சேர்ந்த ஏ. எம். சாமியின் தொண்டர் படை கள்ளுக்கடைகளுக்கு முன் மறியல் செய்தது. இவர்கள் யாரும் மேட்டுக்குடியின் ஒழுக்கத்தைக் கடன் வாங்கியவர்கள் அல்லர். சம்பள நாளில் தங்கள் லயத்தில் என்ன நடக்கிறது என்பதைப் பார்த்தவர்கள். இன்று நான் கள்ளைப் பண்பாடு என்று தூக்கிப் பிடித்தால், அந்த மறியலில் நின்றவர்களுக்கு என்ன பதில் சொல்வேன்?

சரி, சூழ்நிலைதான் காரணம் என்று வைத்துக்கொள்ளலாமா? விடிவதற்கு முன் பிரட்டு, கொசுக்கடி, அன்றாடக் கூலி, கண்ணுக்கெட்டும் தூரத்தில் கள்ளுக்கடை. குடிக்காமல் என்ன செய்வார்? இதை அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். துணி மடித்துக்கொண்டே சொன்னார்: “பக்கத்து வீட்டு மாமாவும் அதே மரத்தத்தான் வெட்டுனாரு. அவரு சம்பளத்த அத்தை கையில குடுத்தாரு.”

அதற்கு மேல் நான் பேசவில்லை. தாத்தாவைச் சூழ்நிலையின் பொம்மையாக்கினால் குற்றத்தை மட்டும் எடுத்துவிடவில்லை, அவர் ஒரு மனிதர் என்பதையும் எடுத்துவிடுகிறேன். அதே சமயம், கடையை வீட்டு வாசலில் கொண்டுவந்து வைத்தவனை விட்டுவிட்டுக் குடித்தவனை மட்டும் திட்டுவதும் அநியாயம். இரண்டு கணக்கையும் தனித்தனியாக எழுத வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றொன்றைக் கழிக்கக் கூடாது.

சுவைத்துப் பார்த்துவிட்டுத் துப்பச் சொல்லிக் கொடுக்கிறார்கள். நான் எளிதாகத் துப்புகிறேன். அது என் ஒழுக்கம் என்று நினைத்திருந்தேன். என் உடம்பு அதைக் கேட்கவில்லை, என் நாள் அதை வேண்டி நிற்கவில்லை, அவ்வளவுதான். குவளையைக் கீழே வைக்க முடிகிறவனுக்குத்தான் அது ரசனை. வைக்க முடியாதவனுக்கு விலை எத்தனை வெள்ளியானாலும் அது குடிதான். சான்றிதழ் இதை மாற்றாது. வருகிறவர்களில் நல்ல சட்டை போட்ட குடிகாரர்களும் உண்டு.

தேர்வில் தேறிவிட்டேன். சம்பளமும் கொஞ்சம் ஏறியது. அடுத்த மாதம் ஒரு மனிதர் தனியாக வந்து உட்கார்ந்தார். மூன்று குப்பி ஆயிற்று. நான்காவதும் கேட்டார். கண் சிவந்திருந்தது. விற்பனையைக் கூட்டச் சொல்லி எங்களுக்கு உத்தரவு. நான் ஊற்றிக் கொடுத்தேன். “இதில் பழ மணம் இருக்கும்” என்று கற்றதைச் சொல்லியும் கொடுத்தேன். திரும்பி நடக்கும்போதுதான் உறைத்தது. கள்ளுக்கடைக் கம்பிவலைக்கு வெளியே என் அம்மா அப்பாவைக் கூப்பிட நின்றார். வலைக்கு உள்ளே, மங்கை நிரப்பும் இடத்தில், இப்போது நான் நிற்கிறேன்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “அவரு வீட்ல புள்ளைங்க இருக்கா?” என்று கேட்டார்.

“தெரியாதும்மா.”

“கேட்ருக்கலாம்ல.”

தேர்வின் 30 கேள்விகளில் இது இல்லை. வேலையை விடவில்லை, வீட்டுக் கடன் இருக்கிறது. ஆனால் இப்போதெல்லாம் மூன்றாவது குப்பியோடு தண்ணீரும் சோறும் கொண்டுபோய் வைக்கிறேன். நான்காவது கேட்டால், எப்படி வீட்டுக்குப் போகிறீர்கள் என்று கேட்கிறேன். சிலர் கோபித்துக்கொள்கிறார்கள். மேலாளருக்கும் பிடிக்கவில்லை. சான்றிதழ் அலமாரியில் துணிகளுக்கு அடியில் இருக்கிறது. சாமிப்படம் இருக்கும் சுவரில் அதை மாட்ட அம்மா சம்மதிக்கவில்லை. நானும் கேட்கவில்லை.