இரவல் குரல்

எங்கள் தெருக் கோடியில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருக்கிறார். கண் நீரழுத்த நோய் வந்து, அதைக் கவனிக்காமல் விட்டு, பார்வை முழுவதும் போய்விட்டது. காலையில் குளித்துத் திருநீறு பூசித் தேவாரம் சொல்லாமல் பச்சைத் தண்ணீர்கூட வாயில் விடமாட்டார். அப்படிப்பட்டவர் ஒரு நாள் மாலை திண்ணையில் சாய்வு நாற்காலியில் படுத்துக்கொண்டு, கைப்பேசியை மார்பின்மேல் வைத்து, யாரோ இங்கிலீஷில் படிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். சற்று நேரம் போன பிறகுதான் விஷயம் புரிந்தது. செக்யூலரிசத்தைப் பற்றிய நூறு வருஷத்துக்கு முந்திய புத்தகம் அது.

"என்ன சார், நீங்களா இதைக் கேட்கிறீர்கள்?" என்றேன்.

"முப்பத்து நாலு வருஷம் பிள்ளைகளுக்குச் சமயச் சார்பின்மைன்னு கரும்பலகையிலே எழுதிப் போட்டிருக்கேன், தம்பி. அந்தச் சொல்லைப் பெத்தவன் என்னதான் சொன்னான்னு போறதுக்குள்ளே ஒரு தரம் கேட்டுடலாமேன்னு பார்க்கிறேன். பரபக்கம் தெரியாம சுபக்கம் ஏது?"

சிவஞான சித்தியாரைப் புரட்டியவர்களுக்கு அவர் சொன்னது விளங்கும். அருணந்தி சிவாசாரியார் தம் சித்தாந்தத்தை நிலைநாட்டுமுன் உலகாயதன் முதலான பிறர் கட்சியை எல்லாம் எடுத்துவைத்துவிட்டுத்தான் மறுக்கிறார். ஆகவே ஹெட்மாஸ்டர் கேட்டதில் எனக்கு அதிசயம் இல்லை. அந்தக் குரல்தான் என் மனத்தை விட்டுப் போகவில்லை. படித்தவர் யார்? அவருக்கு அந்தப் புத்தகத்தில் நம்பிக்கை உண்டா? இல்லையென்றால், 'நான் இப்படிக் கருதுகிறேன்' என்று வரும் இடத்திலெல்லாம் அந்த 'நான்' யாருடையது?

விசாரித்துத் தெரிந்துகொண்டேன். லிப்ரிவாக்ஸ் என்று ஓர் ஏற்பாடு. 2005-ஆம் ஆண்டு கனடாவில் மாண்ட்ரீல் நகரத்து ஹ்யூ மக்குவையர் என்பவர் தொடங்கியது. உரிமைக் காலம் தீர்ந்து பொதுச் சொத்தாகிவிட்ட புத்தகங்களை, உலகத்தில் எங்கெங்கோ இருப்பவர்கள் தங்கள் வீட்டு அறையிலேயே உட்கார்ந்து உரக்கப் படித்துப் பதிவு செய்து கொடுக்கிறார்கள். காசு கிடையாது. பதிந்த குரலும் பொதுச் சொத்தாகிவிடும். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். புத்தகத்தை அத்தியாயம் அத்தியாயமாகப் பிரித்து, ஒவ்வொருவர் ஒவ்வொன்றை எடுத்துக்கொள்வதும் உண்டு.

இதில் படிப்பவரைவிட என்னைக் கவர்ந்தவர் இன்னொருவர். பதிவு வந்து சேர்ந்ததும் அதை முதலிலிருந்து கடைசிவரை கேட்டுச் சரிபார்க்கவே ஓர் ஆள் இருக்கிறார். எந்த நிமிஷத்தில் எந்த விநாடியில் ஒரு வாக்கியம் இரண்டு முறை வந்திருக்கிறது, எங்கே மௌனம் நீண்டுவிட்டது, எங்கே பின்னணியில் இரைச்சல் என்று குறித்து அனுப்புவார். படித்தவர் அந்த இடத்தைத் திருத்தி மறுபடியும் அனுப்புவார். படிப்பவருடைய உச்சரிப்பு எந்த ஊர்ப் பாணி, உணர்ச்சி போதுமா போதாதா என்பதையெல்லாம் இவர் பேசக் கூடாது. படித்தவரே கேட்டாலொழிய நடையை விமரிசிக்கக் கூடாது என்பது அவர்களுடைய நியதி. புத்தகம் சொல்வது சரியா தப்பா என்பதோ இவர் வேலையே இல்லை.

முதலில் கேட்டபோது இது எனக்குக் கொஞ்சம் கசந்தது. ஒரு மனிதன் மணிக்கணக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறான். கேட்பதோ கடவுளும் மறுமையும் மனித வாழ்வும் பற்றிய வாதம். அவன் கடைசியில் சொல்வது 'பன்னிரண்டாம் நிமிஷத்தில் ஒரு சொல் இரட்டித்திருக்கிறது' என்பதுதான். இது என்ன தர்மம்? மனசாட்சியைச் செருப்போடு வாசலில் விட்டுவிட்டு வரும் தர்மமா?

எழுத்தாளனுக்கு இந்தக் கேள்வி பழகியதுதான். என் நாவலில் ஒரு வட்டிக்கடைக்காரன் பேசிய பேச்சுக்காக என்னைத் திட்டி வந்த கடிதங்கள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. பாத்திரத்தின் வாயில் வந்ததெல்லாம் ஆசிரியன் வயிற்றிலிருந்து வந்தது என்று நினைக்கும் வாசகர்கள் எக்காலத்திலும் உண்டு. அவர்கள் சொல்வதில் அரைக்கால் பங்கு உண்மையும் உண்டு. அது வேறு கதை.

அந்தச் சொல்லைப் பெற்றவர் ஜார்ஜ் ஜேக்கப் ஹோலியோக். 1817-ல் பர்மிங்காமில் பிறந்து, பட்டறைத் தொழில் பார்த்து வளர்ந்தவர். 1842-ல் செல்ட்டன்ஹாம் என்ற ஊரில் ஏழைத் தொழிலாளிகளின் குடியேற்றங்களைப் பற்றிப் பேசினார். பேச்சு முடிந்ததும் சபையிலிருந்து ஒருவர் எழுந்து, 'மனிதனுக்குச் செய்ய வேண்டியதைச் சொன்னீர், கடவுளுக்குச் செய்ய வேண்டியதைச் சொல்லவில்லையே' என்று கேட்டார். இந்த ஏழ்மையில் கடவுளுக்கும் அரைச் சம்பளம்தான் கட்டுப்படியாகும் என்ற தோரணையில் ஹோலியோக் பதில் சொன்னார். அந்த ஒரு பதிலுக்கு ஆறு மாதச் சிறை. அவர் உள்ளே இருக்கும்போது, வெளியே வறுமையில் அவருடைய சின்னஞ்சிறு மகள் மேடலின் இறந்துபோனாள்.

இத்தனையும் பட்ட மனிதர் கைத்துப்போய் எல்லோரையும் ஏசியிருந்தால் யாரும் குறை சொல்ல முடியாது. அவரோ 1851-ல் செக்யூலரிசம் என்ற புதுச் சொல்லை உண்டாக்கினார். கடவுள் இல்லை என்று சத்தியம் செய்தால்தான் இந்தக் கட்சியில் சேரலாம் என்று அவர் விதிக்கவில்லை. மறுமையைப் பற்றி யார் என்ன நினைத்தாலும் இம்மையில் செய்ய வேண்டிய காரியத்தில் சேர்ந்து நிற்கலாம் என்பது அவர் கருத்து. அவருக்குப் பின் வந்த சார்லஸ் பிராட்லா வேறு மாதிரி. நாத்திகத்தை ஒளிக்காமல் முன்னால் வைத்தவர்.

பிராட்லாவின் கதையில்தான் என் கேள்விக்கு ஒரு கொக்கி கிடைத்தது. 1880-ல் அவர் நார்த்தாம்ப்டன் தொகுதியிலிருந்து பார்லிமெண்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். கடவுள் பெயரால் பிரமாணம் செய்வதற்குப் பதில் உறுதிமொழி கூற அனுமதி கேட்டார். மறுத்தார்கள். சரி, பிரமாணமே செய்கிறேன், அந்தச் சொற்கள் எனக்குப் பொருளற்றவை என்றாலும் வாக்குக்குக் கட்டுப்படுவேன் என்றார். நம்பாதவன் வாயில் அந்தச் சொல் வரக் கூடாது என்று அதையும் தடுத்துவிட்டார்கள். ஓர் இரவு பார்லிமெண்ட் மணிக்கூண்டிலேயே அவரை அடைத்து வைத்தார்கள். திரும்பத் திரும்ப ஜெயித்தும், 1886-ல்தான் அவர் முறையாக இருக்கையில் அமர முடிந்தது. 1888-ல் உறுதிமொழிக்கு வழி செய்யும் சட்டமும் வந்தது. (1891-ல் அவருடைய சவ அடக்கத்துக்குப் போனவர்களில், லண்டனில் சட்டம் படித்துக்கொண்டிருந்த காந்தியும் ஒருவர்.) இன்று நம் அரசியல் சாசனத்தின் மூன்றாவது அட்டவணையில் இரண்டு வாசகமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன, பதவி ஏற்பவர் தம் மனத்துக்கு ஒத்ததைச் சொல்லிக்கொள்ளலாம்.

பிராட்லாவைத் தடுத்தவர்கள் கண்மூடி வெறியர்கள் என்று மட்டும் சொல்லிவிட என்னால் முடியவில்லை. பிரமாணம் என்பது ஒருவன் தன்னையே பணயம் வைக்கும் பேச்சு. அங்கே வாயும் மனமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயம். அந்த எதிர்பார்ப்பை வைத்துக்கொண்டே வேறு வாசலையும் அடைத்தார்களே, அதுதான் அநியாயம். ஆனால் படிப்பவன் தன்னைப் பணயம் வைக்கவில்லை. இது இன்னாருடைய புத்தகம் என்று முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிக்கிறான். அவன் பணயம் வைப்பது வேறொன்று: இதில் நான் ஒன்றும் கூட்டவில்லை, ஒன்றும் குறைக்கவில்லை என்பது. பொய் சொல்ல அவனுக்கு இருக்கும் இடம் அது ஒன்றுதான்.

அந்த இடத்தில் நான் பொய் சொல்லியிருக்கிறேன்.

ஹெட்மாஸ்டருக்குக் கைப்பேசியில் கேட்கும் பழக்கம் வருவதற்கு முன்னால், வாரத்தில் இரண்டு நாள் நான் போய்ப் படித்துக் காட்டுவேன். ஒரு தடவை அவர் பரணிலிருந்து ஒரு பழைய பகுத்தறிவுப் பிரசுரத்தை எடுத்துக் கொடுத்தார். பழுப்பேறி ஓரம் உதிரும் தாள். சடங்குகளை எதிர்த்து ஒன்று, இரண்டு என்று காரணங்களை அடுக்கிக்கொண்டு போனார் அதன் ஆசிரியர். மூன்றாவது காரணம், செத்தவர்களுக்குச் செய்யும் திவசத்தைப் பற்றிய கேலி. ஹெட்மாஸ்டரின் மனைவி தவறி அப்போது ஒரு மாதம்கூட ஆகவில்லை. பதினாறாம் நாள் காரியத்தில் பார்வையில்லாத அந்த மனிதர் பிண்டத்தைத் தடவித் தடவி வைத்ததை என் கண்ணால் பார்த்திருந்தேன். என் நாக்கு அந்தப் பத்தியைத் தாண்டி நான்காவதற்குப் போய்விட்டது.

அவர் கையை உயர்த்தினார்.

"என்ன தம்பி, மூணாவது காரணத்தைக் காணோமே?"

அச்சில் இல்லை என்று சொல்லியிருக்கலாம். தாள் கிழிந்திருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். அவரால் சோதித்துப் பார்க்க முடியாது. அந்த நினைப்பே என்னைச் சுட்டது. நான் பேசாமல் இருந்ததிலிருந்து அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"படி" என்றார்.

படித்தேன். முகத்தில் ஒரு மாறுதலும் இல்லை. முடிந்ததும் மேல் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பார்வையில்லாவிட்டாலும் கண்ணுக்கு நீர் உண்டு. "நாலாவது" என்றார்.

அன்று நான் செய்தது இரக்கம் என்று என் வீட்டில் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கண் இருந்திருந்தால் அவரே படித்துக் கோபப்பட்டிருப்பார், அல்லது சிரித்திருப்பார், அல்லது மூடி வைத்திருப்பார். அந்த மூன்றையும் அவரிடமிருந்து நான் பிடுங்கப் பார்த்தேன். அவர் எதைத் தாங்குவார், எதைத் தாங்கமாட்டார் என்று முடிவு செய்யும் அதிகாரத்தை, ஒரு மூக்குக் கண்ணாடியின் பலத்தில் எடுத்துக்கொண்டேன்.

இதிலிருந்து சரிபார்க்கிறவர்மேல் எனக்கு இருந்த கசப்பு போயிற்று. தமக்குப் பிடிக்காததைப் பிழையின்றிக் காப்பாற்றிக் கொடுப்பது கஷ்டமான காரியம். உ.வே.சாமிநாதையர் சைவப் பற்றுள்ளவர். ஆனால் 1887-ல் அவர் பதிப்பித்தது சமண காவியமான சீவக சிந்தாமணி. கும்பகோணத்துச் சமணர்களிடம் போய், அவர்கள் மதத்தின் நுணுக்கங்களைக் கேட்டுக் கேட்டுத் திருத்தமாகக் கொண்டுவந்தார். 1898-ல் மணிமேகலை, அது பௌத்தம். தாம் ஒப்பாத ஒரு வரியை அவர் சற்று வளைத்திருந்தால் யார் கண்டுபிடித்திருக்கப் போகிறார்கள்?

ஆனாலும் ஒன்று எனக்குத் தீரவில்லை. பக்கத்து வீட்டுக்காரனை அடி என்று தூண்டும் புத்தகத்துக்கும் இப்படியே குரலைக் கொடுக்கலாமா? கொடுக்க மாட்டேன். தொண்டு செய்கிறவனுக்கு எந்தப் புத்தகத்தையும் தொடாமலிருக்கச் சுதந்திரம் உண்டு. தொட்டபின் அதைத் திருத்துவதற்குத்தான் சுதந்திரம் இல்லை. ஆனால் ஒன்பது அத்தியாயம் படித்தபின் பத்தாவதில் அந்த விஷம் வந்தால்? வெளியே வந்து, இதற்குமேல் நான் படிக்கவில்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் குருடன் ஒருவன் அந்தப் பத்தாவது அத்தியாயத்துக்காகக் காத்திருப்பானே, அதில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டு எதிர்ப்பதற்காகவே காத்திருப்பானே! இதற்கு என்னிடம் பதில் இல்லை.

போன மாதம் ஹெட்மாஸ்டர் அந்தப் பழைய பிரசுரத்தைப் பதிவு செய்து தரச் சொன்னார். அதன் ஆசிரியர் காலமாகி அறுபது வருஷம் தாண்டிவிட்டதால் நம் சட்டப்படி அது எல்லோருக்கும் பொது. "யாராவது என்னை மாதிரி ஒருத்தன் கேட்பான்" என்றார். சரிபார்க்கும் பொறுப்பைத் தாமே எடுத்துக்கொண்டார். மூல வாசகத்தை ஒருமுறை கேட்டால் போதும், அவருக்கு மனத்தில் பதிந்துவிடும். ஜன்னலைச் சாத்திக்கொண்டு, காற்றாடியை நிறுத்தி, வேர்க்க விறுவிறுக்க மூன்று இரவில் முடித்தேன். நான்காம் நாள் பதிவைக் கேட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"ரெண்டாம் பாகத்திலே நாய் குலைக்குது. அது போகட்டும். அதுக்கு ரெண்டு வரி தள்ளி, 'கடவுள் இல்லை'ங்கிற இடத்திலே 'இல்லை'யை முழுங்கிட்டியே."

நான் வேண்டுமென்று செய்யவில்லை என்றேன்.

"இருக்கலாம். ஆனா காதிலே விழலை. திருப்பிப் படி, தம்பி. அழுத்திச் சொல்லு."

கூடத்துச் சுவாமி படத்துக்கு எதிரில் இருந்த முக்காலியிலேயே உட்கார்ந்து மறுபடியும் படித்தேன். திருநீறு பூசிய நெற்றியை என் பக்கம் சாய்த்து அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.