சிதறி வரும் அலை

ஸ்ரீரங்கத்தை அடுத்த திருவானைக்காவலில் பிறந்தவர் சர் சி.வி.ராமன். பொருளில் பட்டுச் சிதறிய ஒளியே அதன் மூலக்கூறுகளைக் காட்டிக்கொடுக்கும் என்று 1928-இல் நிறுவினார். அவருடைய மாணவர் ஜி.என்.ராமச்சந்திரனும் ஏ.வி.லட்சுமிநாராயணனும், ஊடுருவி வந்த எக்ஸ் கதிரிலிருந்து உள்ளுருவை மீட்கும் ஒரு கணக்கு முறையை 1971-இல் தந்தார்கள். வெளியே வந்ததை வைத்து உள்ளே இருப்பதை அறிவது நமக்குப் பழக்கமான கல்விதான்.

நுண்ணலையால் மார்பகக் கட்டியைத் தேடும்போதுதான் சிக்கல் முற்றுகிறது. எக்ஸ் கதிரைப் போல அந்த அலை நேராகப் போவதில்லை. திசுவுக்குத் திசு வளைந்து, மோதி, பலமுறை சிதறுகிறது. வெவ்வேறு உள்ளமைப்புகள் ஏறக்குறைய ஒரே அளவீட்டைத் தந்துவிடும். ஆழ்கற்றல் என்னும் கணினி முறை அந்த அளவீட்டிலிருந்து நொடியில் படம் தீட்டும். ஆனால் தான் பழகிய படங்களின் சாயலில் தீட்டும். பார்த்திராத கட்டியை மறைத்துவிடலாம், இல்லாத ஒன்றை வரைந்தும் விடலாம். தெளிவு வேறு, உண்மை வேறு.

ஆகவே, கணினி தந்த படத்துக்குள் அலையை மறுபடி கணக்கில் செலுத்துங்கள். சிதறிய அலையை வாங்கிய ஆன்டெனாவில் பதிவானதோடு அந்தக் கணக்கின் விடை ஒத்து வராவிட்டால், எவ்வளவு அழகான படமானாலும் மருத்துவர் கையில் கொடுக்காதீர்கள்.