முடிச்சை எத்தனை முறை பார்ப்பது?

தன் உடலுக்குள் நடப்பதை அறிய மனிதன் விரும்புவது புதிதன்று. நாடி பிடித்துப் பார்க்கும் வைத்தியரின் முகத்தையே நோயாளி உற்று நோக்கியிருந்ததும் அந்த விருப்பத்தினால்தான். இன்று வைத்தியரின் முகம் வேண்டுவதில்லை. சிறு கருவி ஒன்றில் இரு கை விரல்களையும் வைத்தால், முப்பது வினாடிகளில் இதயத் துடிப்பின் கோட்டுப்படம் கைபேசியில் தோன்றிவிடுகிறது. இவ்வசதி நமக்கு அமைதியைத் தருகிறதா, இருக்கும் அமைதியையும் பறிக்கிறதா? எண்ணிப் பார்க்க வேண்டிய கேள்வி இது.

பழைய மகாபலிபுரம் சாலையில், கணினி நிறுவனங்களும் அடுக்குமாடி வீடுகளும் நெருங்கி நிற்கும் நாவலூரில் நாம் அறிந்த பெரியவர் ஒருவர் வாழ்கிறார். அவர் நெஞ்சில் பேஸ்மேக்கர் பொருத்தப்பட்டிருக்கிறது. வளைகுடாவில் பணிபுரியும் மகன், அத்தாவின் மீதுள்ள பாசத்தால் அத்தகைய கருவி ஒன்றை வாங்கி அனுப்பினார். ஓர் இரவு, துடிப்பை வகைப்படுத்த இயலவில்லை என்று அது அறிவித்தது. பெரியவர் விடியும்வரை மீண்டும் மீண்டும் விரல்களை வைத்துப் பார்த்தார். ஒவ்வொரு படத்தையும் மகனுக்கு அனுப்பினார். மகன் விமானச் சீட்டுக்கு ஏற்பாடு செய்யத் தொடங்கிவிட்டார். காலையில் மருத்துவர் சோதித்தபோது பேஸ்மேக்கர் செவ்வனே இயங்கிக்கொண்டிருந்தது.

பின் நேர்ந்தது என்ன? இயல்பான துடிப்பு இதயத்தின் வலது மேலறையில் தோன்றி, அதற்குரிய பாதையில் கீழே பரவுகிறது. பேஸ்மேக்கர் உடைய பலருக்கோ கீழறையில் பதித்த கம்பியின் முனையிலிருந்து துடிப்பு எழுகிறது. அதன் கோட்டுப்படம் அகன்று, வேறு வடிவில் அமையும். அதைத் தூண்டும் மின்னலையோ ஒரு வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கினும் குறுகியது. வீட்டுக் கருவி பலவேளை அதைக் காண்பதில்லை. அறிமுகமில்லாத வடிவத்தைக் கண்டு கருவி தடுமாறுகிறது. பேஸ்மேக்கர் உடையோருக்கு இது உரியதன்று என்று சில கருவிகளின் குறிப்பேட்டிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். அந்தச் சிறு எழுத்தை நம்மில் எத்தனை பேர் படிக்கிறோம்?

நெஞ்சினுள் இருக்கும் பேஸ்மேக்கரே இரவும் பகலும் துடிப்பைக் கவனித்து, முக்கியமானவற்றைத் தன்னுள் பதிந்து வைக்கிறது என்பதையும் மறந்துவிடலாகாது. அப்பதிவை மருத்துவமனையில் படிக்கிறார்கள். சில வகைகளில் படுக்கையருகே வைக்கும் பெட்டி வழியாகவும் அது மருத்துவமனைக்குச் சென்று சேர்கிறது.

1958ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள், சுவீடனில் ஆர்னே லார்சன் என்பவருக்கு உலகிலேயே முதன்முதலாக உடலுக்குள் பேஸ்மேக்கர் வைக்கப்பட்டது. எல்ம்குவிஸ்ட் என்னும் பொறியாளர் அமைத்த அதனைச் செனிங் என்னும் அறுவை மருத்துவர் பொருத்தினார். அது சில மணி நேரமே இயங்கியது. பின்னர் இருபதுக்கும் மேற்பட்ட கருவிகளை மாற்றிக்கொண்டு, அவ்விருவரும் மறைந்த பின்னும் வாழ்ந்து, 2001இல் தமது 86ஆம் வயதில் அவர் காலமானார். கருவி பழுதாகாது என்பதன்று அவரைக் காத்தது. பழுதானால் மாற்றித் தர அறிந்த மனிதர்கள் இருந்தார்கள் என்பதே.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பின்னரே இறைவனிடம் பொறுப்பை ஒப்படைக்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) அறிவுறுத்திய செய்தியை நாம் அறிவோம். கட்டாமல் விடுவது தவக்குல் ஆகாது. உடல் நம்மிடம் தரப்பட்ட அமானிதம். அதைப் பேணுவது கடமை. ஆனால் கட்டிய முடிச்சை நாழிகைக்கு ஒருமுறை எழுந்து சென்று பார்ப்பவனை என்னென்பது? அவன் ஒட்டகத்தையும் காக்கவில்லை, உறக்கத்தையும் இழந்தான். அச்சம் சில வேளை எச்சரிக்கையின் உடையை அணிந்து வருகிறது.

இதன் மறுபக்கம் இன்னும் கொடியது. தலைசுற்றல், மயக்கம், மூச்சுத்திணறல் நேரும்போதும், கருவி பொருத்திய இடம் சிவந்து வீங்கும்போதும், "படம் நன்றாகத்தானே இருக்கிறது" என்று வீட்டில் அமர்ந்திருப்பது பெருந்தவறு. உடல் சொல்வதைக் கேட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். நம் பேஸ்மேக்கர் குறைந்தது எத்தனை துடிப்புக்கு அமைக்கப்பட்டுள்ளது என்பதை மருத்துவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்வோம். மணிக்கட்டில் எண்ணும் நாடி அதனினும் அடிக்கடி குறைந்தால் தெரிவிப்போம். காந்தம் உள்ள கைபேசியையும் கைக்கடிகாரத்தையும் நெஞ்சிலிருந்து 15 சென்டிமீட்டருக்கு அப்பால் வைப்போம். 2021இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும் அவ்வாறே அறிவுறுத்தியது. வாங்கிய கருவி நமக்குப் பொருந்துமா என்பதை விற்பவரிடமன்று, மருத்துவரிடம் கேட்போம்.

அந்த இரவு பெரியவர் படங்களை அனுப்பிக்கொண்டே இருந்தாரே, அவர் கேட்டது இதயத்தைப் பற்றி மட்டும்தானா? தொலைவில் இருக்கும் பிள்ளைக்குத் தகப்பனின் நலம் படமாகக் கிடைக்கத் தொடங்கியதும், குரல் குறைந்துபோயிருந்தது. மகன் அதை உணர்ந்துகொண்டார். இப்போது அக்கருவி அலமாரியில் இருக்கிறது. நாள்தோறும் மஃரிபுத் தொழுகைக்குப் பின் அவ்வீட்டில் தொலைபேசி ஒலிக்கிறது. "அத்தா, சாப்பிட்டீர்களா?" என்று கேட்கும் அக்குரலுக்காகப் பெரியவர் காத்திருக்கிறார்.